பின்சீட்டு மைக்

30 ஆகஸ்ட் 1957, வெள்ளி. காஜா பேராங்.

நாளை மலாய் நாட்டுக்குச் சுதந்திரம். ஊர்வலத்துக்காக காதர் பாயின் டாக்சியில் இன்று இரண்டு ஆம்ப்ளிஃபயர்களைப் பூட்டினேன். முன்னால் மலாய் அறிவிப்புக்கு, பின்னால் தமிழுக்கு. மைக்கும் தனித்தனி. முதலாவது ஒழுங்காக வேலை செய்தது. இரவல் வாங்கிய இரண்டாவதைப் பின்சீட்டில் வைத்து பேட்டரியில் கொடுத்ததும் வயர் புகைந்தது. பிடுங்கிவிட்டேன்.

அது என் மடத்தனம். அந்த இங்கிலீஷ் காரின் உடம்புத் தகடு முழுக்க பேட்டரியின் பிளஸ்ஸோடு சேர்ந்தது. இந்த இரவல் பெட்டியின் தகடு மைனஸோடு. இரண்டும் தொட்டால் தீதான். பெட்டி காரில் படாமலிருக்க அடியில் பலகை போட்டு, என் சைக்கிள் டியூபைக் கழற்றி இறுக்கிக் கட்டினேன். பிறகு இரண்டும் சேர்ந்து முழங்கின.

“தம்பி, வண்டிக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?” என்று பாய் கேட்டார்.

“ஒண்ணும் ஆகாது பாய்.” புகைந்ததைச் சொல்லவில்லை.

“அப்ப எம் மகளே பின்னால உக்காந்து வாசிக்கட்டும்.”

ஒன்பது வயதுப் பிள்ளை. ஒரு கையில் மைக், மறு கையில் தாள், தோள் கதவில் சாய்ந்திருந்தது. அழகாக வாசித்தாள். நானும் கைதட்டினேன்.

இப்போதுதான் உறைக்கிறது. அந்த மைக்கின் இரும்பு உறை பெட்டியோடு சேர்ந்தது, அதுவும் மைனஸ். கதவுப் பிடியில் ஒருமுறை பட்டால் போதும், வயர் அவள் கையிலேயே எரியும்.

ஊர்வலம் காலை ஏழு மணிக்கு. பாய் வீடு செமாபோக்கில், மூன்று மைல். ஓர் எட்டு போய்ச் சொல்லிவிடலாமென்று சைக்கிளை எடுத்தேன். முன்சக்கரத்தில் டியூப் இல்லை.

நடக்கிறேன்.