மஞ்சள் சிவந்த ஞாயிறு

ஜூலை 6, ஞாயிறு

இன்று மிளகுத்தூள். தட்டில் தண்ணீர், மேலே மிளகுத்தூள், விரல் நுனியில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு. விரலை வைத்ததுதான் தாமதம், தூள் மொத்தமும் விழுந்தடித்துக்கொண்டு ஓரத்துக்கு ஓடியது. என் வாலு எம்பிக் குதித்துக் கை தட்டினாள். "ஐ! சூப்பர்மா!"

இந்த ஒரு சத்தத்துக்காகத்தான் வாரம் முழுக்க மருந்துக்கடைக் கல்லாவில் உட்கார்ந்து கால் மரத்துப்போகிறேன். பள்ளி விட்டதும் அவள் போவது என் அக்கா வீட்டுக்கு. நான் போய்க் கூட்டி வரும்போது பாதித் தூக்கம். அவள் அப்பா வெளியூர் வேலையில். ஞாயிற்றுக்கிழமை அடுப்படி மட்டும் எங்கள் இரண்டு பேருடையது. அதில் யாருக்கும் பங்கு கிடையாது.

"ஏன்மா ஓடுச்சு?" என்றாள். அக்கா சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன். தண்ணிக்கு மேல தோல் மாதிரி ஒண்ணு இழுத்துப் பிடிச்சிருக்கு, சோப்பு பட்ட இடத்துல பிடி விட்டுப்போகும், அதான் எல்லாம் ஓரத்துக்கு ஓடுது. பெரிய மனுஷி மாதிரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அறிவியலில் தட்டுத்தடுமாறித் தேறிய எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஜூலை 9, புதன்

சாயங்காலம் கடையில் கூட்டம் குறைந்ததும் வழக்கம்போல அக்காவுக்குப் போன். இந்த வாரம் பலூன். பாட்டிலில் வினிகர், பலூனுக்குள் சமையல் சோடா. பாட்டில் வாயில் மாட்டி சோடாவை உள்ளே கொட்டினால் பலூன் தானாக ஊதும். அக்கா கல்லூரியில் வேதியியல் படித்தவள், வேலைக்குத்தான் போகவில்லை. பிள்ளை கேட்கப்போகும் "ஏன்"களுக்கெல்லாம் புதன்கிழமையே அவளிடம் பதில் வாங்கி வைத்துக்கொண்டால்தான் எனக்குத் தைரியம்.

பின்னால் வாலுவின் குரல் கேட்டது. அவள் காதில் விழாமல் பார்த்துக்கொள் என்றேன். "அதெல்லாம் நான் பாத்துக்கறேன் போ" என்றாள் அக்கா. இப்படி ஒருத்தி கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

ஜூலை 12, சனி

பலூன் வாங்க மறந்துவிட்டேன். கடை பூட்டியாச்சு. என் தலை!

ஜூலை 13, ஞாயிறு

எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

பலூன் இல்லை. வெறுங்கையோடு நிற்க மனசில்லை. காலையில் மேடையில் சிந்திய மஞ்சள்தூளைச் சோப்புத்துணியால் துடைத்தபோது துணி சிவந்தது ஞாபகம் வந்தது. சரி, அதையே செய்வோம் என்று காகிதத்தில் மஞ்சளைக் குழைத்துப் பூசிக் காயவைத்தேன். அக்காவிடம் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. வாலுவைக் கூப்பிட்டு சோப்புத் தண்ணீரில் விரலை நனைத்துக் காகிதத்தில் ஒரு கோடு இழுக்கச் சொன்னேன்.

கோடு செக்கச்செவேல் என்று வந்தது.

அவள் கை தட்டவில்லை. குதிக்கவில்லை. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போனாள். விரலைப் பார்த்தாள், வெட்டுப்பட்டிருக்கிறதா என்று. வாய் பாதி திறந்தபடி இருந்தது. அப்புறம் மெதுவாகக் கிட்டே வந்து காகிதத்தை மோந்து பார்த்தாள். "அம்மா... இது என்னது?" சத்தமே இல்லாமல் கேட்டாள்.

அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட. அதுதான் என்னைக் குத்தியது.

எலுமிச்சைச் சாற்றைத் தொட்டு வைத்தேன். சிவப்பு திரும்ப மஞ்சளானது. "இதைப் பெரியம்மா சொல்லவே இல்லையே!" என்றாள்.

எதைச் சொன்னார்கள் பெரியம்மா? கேட்டேன். பாவம், பிள்ளைக்கு மறைக்கத் தெரியவில்லை. மிளகு, பாலில் கலர், வினிகரில் ஊறப்போட்ட முட்டை, எல்லாமே முதலில் பெரியம்மா வீட்டு அடுப்படியில் நடந்திருக்கிறது. பலூன் கூட வியாழக்கிழமையே ஊதியாகிவிட்டதாம், இவ்வளவு பெரிசாக.

"அப்ப எதுக்குடி கை தட்டுவே?"

"பெரியம்மாதான் சொன்னாங்க. முதல் தடவை பாக்கற மாதிரி இருந்தா அம்மாவுக்குச் சந்தோஷமா இருக்கும்னு."

குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஜூலை 14, திங்கள்

அக்காவிடம் கேட்டுவிட்டேன். மறுக்கவே இல்லை! அதுதான் இன்னும் எரிகிறது. போனில் நான் பேசும்போது பிள்ளை பக்கத்திலேயே நிற்கிறதாம், ஒருநாள் காட்டியதும் வாராவாரம் பிடிவாதம் பிடித்ததாம். சரிக்கா, செஞ்சே. நடிக்க ஏன் சொல்லிக்கொடுத்தே? உன் மனசு நோகக்கூடாதுன்னுதான் என்கிறாள். ஆஹா. என்ன கரிசனம்!

நான் கத்தினேன். அவள் கத்தவில்லை. துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "அவ கேக்கற 'ஏன்'னுக்கெல்லாம் நீ என்கிட்டதானே கேக்கறே. அவ நேரா என்கிட்டயே கேட்டுட்டா. அதுல என்ன தப்பு?"

வாலுவின் பையை எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

என் கூடப்பிறந்தவள். பிள்ளை இல்லையே என்று அவள் ஏங்குவது தெரிந்துதானே வாரம் பூராவும் என் பிள்ளையை அவள் மடியில் விட்டேன்? எனக்கு மிச்சம் வைத்துக்கொண்டது ஒரே ஒரு நாள். அதையும் எச்சில் பண்ணித்தான் கொடுத்திருக்கிறாள்.

ஜூலை 16, புதன்

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு இடத்தில் சேர்த்துவிட்டேன். சாயங்காலம் என்னை அறியாமல் கை போனை எடுத்துவிட்டது. திரும்ப வைத்தேன்.

அவரிடம் சொன்னேன். "குழந்தை ரெண்டு தடவை கத்துக்கிட்டா நல்லதுதானே" என்கிறார். இந்த மனுஷனிடம் போய்ச் சொன்னேனே.

ஜூலை 20, ஞாயிறு

எதுவும் செய்யவில்லை. வாலுவும் கேட்கவில்லை. துணி துவைத்தேன்.

ஜூலை 24, வியாழன்

பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப என் மேல கோவமா?" உன் மேல யாருக்கு என்னடி கோவம்? நம்பினாளா தெரியவில்லை. இப்போதெல்லாம் சாப்பிட்ட தட்டை அவளே கழுவி வைக்கிறாள், சொல்லாமலே.

ஜூலை 27, ஞாயிறு

பலூன் செய்தேன். வீம்புக்குத்தான். அவள் அங்கே பார்த்ததை என் அடுப்படியிலும் பார்க்கட்டும் என்று.

சோடா கொட்டியது. வினிகர் பொங்கியது. பலூன் எழும்பவே இல்லை. ஏன் என்று புரியவில்லை. வாடின பூ மாதிரி பாட்டில் கழுத்தில் தொங்கியது.

வாலு பலூனைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தாள். அப்புறம் எம்பிக் குதித்தாள். கை தட்டினாள்.

"ஐ! சூப்பர்மா!"

ஜூலை 28, திங்கள்

வாலுவை நானே அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டேன். கதவு திறந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி, "பெரியம்மா, அம்மாவோட பலூன் ஊதவே இல்ல, ஏன்?" என்று கேட்டாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் வாசலிலேயே நின்றேன். எனக்கும் பதில் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.