புகை விடாத வேன்

ஆகஸ்ட் 4

வீட்டு நிலவரம் எழுதி வைக்கிறேன். மூத்த பேரன் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டான். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, வண்டிப் புகையை அளக்கிற டாக்டர். கடல் தாண்டி ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. இருமுகிறவனுக்கு மருந்து தரத் தெரியாது. எந்த வண்டியால் இருமினான் என்று சொல்லிவிடுவான். அவன் தங்கை, என் பேத்தி, ஆடிட்டர். பெரிய பெரிய கம்பெனிகள் அவள் கையெழுத்துக்குக் காத்துக் கிடக்கின்றன. மகள் வயிற்றுப் பேரன் நீச்சலில் வெள்ளிப் பதக்கம். தங்கம் வாங்கியவனுக்குக் கால் நீளமாம், அதையெல்லாம் தோல்வி என்று சொல்ல முடியாது. மூத்தவனின் குழந்தைக்கு ஒன்றரை வயது. இன்னும் பரிசு எதுவும் வாங்கவில்லை. பொறுத்துப் பார்க்கலாம்.

எல்லோர் படமும் கூடத்துக் கண்ணாடி அலமாரியில் வரிசையாக இருக்கிறது. இவர்களைப் படிக்க வைத்த டீசல் வேன் வாசலில் நிற்கிறது. அதற்கும் அதை ஓட்டுகிற என் மகனுக்கும் அலமாரியில் இடமில்லை.

இன்று அந்த வேன் புகைப் பரிசோதனையில் தோற்றுவிட்டது. நம் வீட்டில் முதல் தோல்வி.

ஆகஸ்ட் 6

ஆகஸ்ட் லீவு முடிந்து செப்டம்பரில் பள்ளி திறக்கும்போது புகை விடுகிற எந்த வண்டியும் கேட்டுக்குள் வரக்கூடாது என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டாராம். அந்தப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கித்தான் இந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. மகன் சாப்பிடாமல் எழுந்துவிட்டான்.

சாயங்காலம் பல் டாக்டரிடம் போன இடத்தில் அந்த அம்மாவே உட்கார்ந்திருந்தார். விடுவேனா? உலகத்துப் புகையையே அளக்கிறவன் என் பேரன், எங்கள் வேன் இனிமேல் துளிப் புகை விடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். அவருக்கு ஒரே சந்தோஷம். பெற்றோர் கூட்டத்தில் அறிவிக்கிறாராம்.

மகனிடம் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டான்.

"உன்ன யாரும்மா வாக்குக் குடுக்கச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. நல்ல காரியத்துக்குச் சொல்லி வேறு அனுப்ப வேண்டுமா?

ஆகஸ்ட் 9

இன்று போனில் குடும்ப மாநாடு. திரையில் ஒரு பக்கம் பேரன் முகம், இன்னொரு பக்கம் பேத்தி முகம். இந்த வீட்டு வழக்கப்படி, அதிகம் படித்தவர் வாயைத் திறக்கும்வரை மற்றவர்கள் முடிவு எடுப்பதில்லை. வழக்கத்தை ஏற்படுத்தியது நான்தான்.

பேரன் ஒரு பெரிய கட்டம் போட்டுக் காட்டினான். டீசல், கேஸ், கரண்டு, தாவர எண்ணெய், ஹைட்ரஜன். வண்டி ஓடும்போது வருகிற புகையை மட்டும் பார்க்கக்கூடாதாம். எண்ணெய் பூமியை விட்டுக் கிளம்பியதிலிருந்து, பேட்டரி பிறந்ததிலிருந்து, எல்லாவற்றுக்கும் ஜாதகம் பார்க்க வேண்டுமாம். கல்யாணத்துக்குக்கூட நாங்கள் இவ்வளவு பார்த்ததில்லை. எல்லாம் பார்த்துக் கடைசியில் கரண்டு வேன் என்றான்.

பேத்தி அவள் கட்டத்தைத் திறந்தாள். கரண்டு வேன் ஓட்டுகிற செலவு குறைவுதான், வாங்குகிற விலையில் மூச்சு நின்றுவிடும் என்றாள். கேஸ் வேன் போதும், டீசலைவிடப் புகையும் குறைவு, செலவும் குறைவு. கரண்டு மட்டும் வானத்திலிருந்தா வருகிறது, நிலக்கரியை எரித்துத்தானே வருகிறது என்று அண்ணனையே கேட்டாள். அப்படியே பார்த்தாலும் டீசலைவிட மேல் என்றான் அவன். அவள் போனை வைத்துவிட்டாள்.

தாவர எண்ணெயைப் பற்றி மருமகள் மட்டும் ஒரு வார்த்தை சொன்னாள். பொரித்த எண்ணெயில் வண்டி ஓடினால் பின்னால் பலகார வாசனை வருமாம். பிள்ளைகள் வழியெல்லாம் பசிக்கிறது என்று அழும்.

ஆகஸ்ட் 13

ஹைட்ரஜன் வேண்டாமாம். விலை கேட்டதோடு சரி.

ஆகஸ்ட் 17

அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை. குடும்பக் குழுவில் அவன் ஒரு கட்டம் போடுகிறான், அவள் பதில் கட்டம் போடுகிறாள். நல்லா இருக்கியா என்று கேட்க மட்டும் இரண்டு பேர் கட்டத்திலும் இடம் இல்லை. புகையைக் குறைக்க வந்தவர்கள் வீட்டுக்குள் மூட்டம் போட்டுவிட்டார்கள்.

மகன் பழைய வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். உனக்கு எது வேணும்டா என்று கேட்டேன். டீசலை நிரப்பித் துடைத்துத் துடைத்தே கறுத்துப்போன கையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "இத்தனை நாள்ல இப்பத்தான் ஒரு ஆள் என்னைக் கேக்குது."

பிறகு வாளியை எடுத்துக்கொண்டு வேனின் அந்தப் பக்கம் போய்விட்டான். நானும் மறுபடி கேட்கவில்லை.

ஆகஸ்ட் 27

கரண்டு வேன் வந்துவிட்டது. புதுசு இல்லை, ஒருவர் ஓட்டிவிட்டு விற்றதுதான். என் வாக்கைக் காப்பாற்றப் பேத்தியே பாதிப் பணம் போட்டாள், முனகிக்கொண்டே. சத்தமே இல்லை. தெரு நாய் எழுந்திருக்கக்கூட இல்லை. டீசலுக்குப் போன காசில் கால் பங்கில் ஓடிவிடுமாம்.

ஒரே ஒரு சங்கடம். வேன் சாப்பிடும்போது, அதாவது அதற்குக் கரண்டு ஏறும்போது, வீட்டில் மிக்சி போடக்கூடாது, போட்டால் ஃபியூஸ் போகிறது. அதனால் முதல் பந்தி வேனுக்கு, அடுத்த பந்தி எங்களுக்கு.

செப்டம்பர் 3

பள்ளி திறந்தது. தலைமை ஆசிரியை கேட்டில் நின்று கைதட்டினாராம். நான் அங்கே இல்லாமல் போய்விட்டேனே.

செப்டம்பர் 9

எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிட்டது. புதுசு வரும், வந்துகொண்டே இருக்கிறது. வேனுக்குப் பசி பொறுக்காதே. மகன் வாடகைக்கு ஒரு ஜெனரேட்டர் கொண்டுவந்து வேனுக்குப் பின்னால் நிறுத்தினான். அது எதில் ஓடுகிறது? டீசலில்.

பழைய வேன் ஓடும்போதுதான் புகை விட்டது. இந்த ஏற்பாடு நின்ற இடத்திலேயே விடுகிறது. பேரனிடம் சொல்ல வேண்டாம் என்றான் மகன். படித்த பிள்ளை, மனசு கஷ்டப்படும்.

செப்டம்பர் 11

பேரன் ஏதோ சபையில் பேசப்போகிறானாம், நம் வேனைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னான். நல்ல புடவை கட்டிக்கொண்டு வேன் மேல் கை வைத்து நின்றேன். மருமகள் எடுத்தாள். பின்னாடி வேற ஏதாவது தெரியுதான்னு பாருங்க அத்தை என்றாள். என் முகம் நன்றாக விழுந்திருந்தது. அதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும்? பேரனுக்கு மட்டும் போதாது, சொந்தக்காரர்களுக்கும், பெற்றோர் குழுவுக்கும், தலைமை ஆசிரியைக்கும் அனுப்பு என்றேன்.

செப்டம்பர் 12

அனுப்பியிருக்க வேண்டாம்.

செப்டம்பர் 13

என் தோளுக்குப் பின்னால் ஜெனரேட்டர் இருந்திருக்கிறது. கறுப்பாக, கொழுகொழுவென்று புகை, என் கொண்டையிலிருந்து கிளம்புகிற மாதிரி. பாட்டியம்மா டீசலில் ஓடுகிறாரா என்று ஒரு பெற்றோர் கேட்டிருக்கிறார். தலைமை ஆசிரியை மகனைக் கூப்பிட்டு, திங்கட்கிழமைக்குள் இதற்கு வழி செய்யாவிட்டால் வேறு வேன் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

பேத்தி கணக்குப் போட்டாள். ஜெனரேட்டர் வழியாகப் போனால் பழைய வேனைவிடச் செலவும் அதிகம், புகையும் அதிகம். கட்டம் எதுவும் அனுப்பவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

பேரன் அதற்குள் சபையில் படத்தைக் காட்டிவிட்டானாம். கடைசி வரிசையில் ஒரு மாணவி எழுந்து, உங்கள் பாட்டிக்குப் பின்னால் நிற்பது என்ன என்று கேட்டாளாம். பேரனே போனில் இதைச் சொல்லிவிட்டு, தப்பு என்னுதுதான் பாட்டி, எங்க சார்ஜ் போடுவீங்கன்னு கேக்கவே இல்ல என்றான்.

நானும் படத்தின் ஓரத்தைப் பார்க்கவில்லை. அதை அவனிடம் சொன்னேனா? இல்லை. இங்கே எழுதிவிட்டேன், போதும்.

செப்டம்பர் 14

அண்ணனும் தங்கையும் ஒரே போனில். ஒன்றும் நடக்காத மாதிரி பேசினார்கள். பேத்திதான் கேட்டாள், "பகல்ல வேன் எங்கப்பா நிக்கும்?"

பள்ளிக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டுச் சாயங்காலம்வரை அங்கேதான், நான் உள்ளே தூங்குவேன் என்றான் மகன். பள்ளிக் கூரையில் என்ன இருக்கிறது என்று பேரன் கேட்டான். வெயிலில் கரண்டு எடுக்கிற பலகை இருக்கிறது என்றான் மகன், மத்தியானம் கரண்டு மிச்சமாகிறது என்று வாட்ச்மேன் சொல்லிக் கேட்டிருக்கிறானாம்.

போனில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. காதுக்கு நன்றாக இருந்தது.

செப்டம்பர் 16

தலைமை ஆசிரியையைப் பார்க்க மகனோடு நானும் போனேன். வாயைத் திறக்கக்கூடாது என்பது நிபந்தனை. மகனே பேசினான். யூனிட்டுக்கு என்ன விலையோ கொடுத்துவிடுகிறேன், பகலில் இங்கே சார்ஜ் போட்டுக்கொள்கிறேன், ஜெனரேட்டரை இன்றைக்கே திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். அவர் யோசித்தார், கொஞ்ச நாள் பார்க்கலாம் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, நீங்க ஒண்ணுமே சொல்லலையே பாட்டி என்றார்.

தொண்டை சரியில்லை என்றேன்.

அக்டோபர் 8

தெருவுக்கு டிரான்ஸ்ஃபார்மர் வந்துவிட்டது. இனி யாருக்கு வேண்டும்? வேன் பள்ளியிலேயே சாப்பிட்டுவிட்டு வருகிறது, வீட்டில் மிக்சி எப்போது வேண்டுமானாலும் ஓடுகிறது. மூட்டமான நாளில் மட்டும் வீட்டில் கொஞ்சம் போட வேண்டியிருக்கிறது. அதற்கும் அண்ணனும் தங்கையும் சேர்ந்து ஒரே கட்டம் போட்டிருக்கிறார்கள். மகனுக்குப் பள்ளியில் வருஷம் முழுவதுக்கும் உறுதியாகிவிட்டது. கையில் கறுப்பு போய்க்கொண்டிருக்கிறது.

காலையில் அலமாரியைத் திறந்து நீச்சல்காரனைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். ஓர் இடம் வந்தது.

பேத்திக்கு மருமகளை விட்டு எழுதச் சொன்னது இது: அடுத்த வாரம் வருகிறாயே, பள்ளிக்குப் போய் உன் அப்பாவை வேன் பக்கத்தில் நிற்க வைத்து ஒரு படம் எடு. சார்ஜ் ஏறுகிற நேரத்தில் எடு. நான் வேண்டாம், அவனும் வேனும் போதும். ஓரமெல்லாம் ஒரு தடவை பார்த்துக்கொள். போனில் அனுப்பாதே, அலமாரியில் போன் நிற்காது. ஊருக்குத் திரும்பியதும் கெட்டிக் காகிதத்தில் போட்டுத் தபாலில் அனுப்பிவிடு, சீக்கிரம்.