கேட்காமல் எடுத்த படம்

ஜூன் 9, திங்கள்

காலை எட்டுக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. விழுப்புரத்திலிருந்து முதல் பஸ். திண்டிவனத்தில் மூடிக் கிடக்கும் அரிசி மில்லைப் பெருக்கும் வேலை. புறா எச்சம், உமி, ஒட்டடை. பினாயில் இரண்டு பாட்டில் காலி. தும்மலுக்குக் கணக்கில்லை.

வாட்ச்மேன் பாலு அண்ணன் கதவருகே நின்று வேடிக்கை. "ஏம்மா, ஊருல ஏசி ஹாலு எவ்ளோ கீது. ஜோடிங்கள இங்க இட்டாந்து இன்னாத்த எடுக்கப் போற?"

வெளிச்சத்தை. கூரைத் தகடு பெயர்ந்த இடத்தில் பதினொன்றரைக்கு வெயில் நேராக இறங்குகிறது. பத்து வருடம் கல்யாண மண்டபங்களில் டிஜிட்டலில் ஆயிரம் ஆயிரமாக எடுத்துத் தள்ளியாயிற்று. யாரும் இரண்டாம் தடவை திறந்து பார்ப்பதில்லை. இனி பிலிம். ஒரு ஜோடி, ஒரு ரோல், முப்பத்தாறு படம். செய்தே தீருவேன்.

முதல் ஜோடி ஷாகிதா, அன்வர். கோட்டக்குப்பம். எனக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும் ஷாகிதாதான். நிக்காஹ் அன்று ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். இருவரும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றுகூடக் கிடையாது. பத்தாம் நாளே அவன் துபாய் போய்விட்டான். இப்போது லீவில் வந்திருக்கிறான். வெள்ளி இரவு ஃப்ளைட். அடுத்த லீவு எப்போதோ.

அவள் நிபந்தனை: "போன் மட்டும் கூடாதுக்கா. போன்ல எடுத்தா நாலு குரூப்புக்குப் போயிரும். பிலிம்னா நீங்களே கழுவி, நெகட்டிவோட என் கைல குடுத்துருங்க."

சத்தியம் செய்து கொடுத்தேன்.

ஜூன் 11, புதன்

பஸ் லேட். வந்து சேரும்போதே பதினொன்றே முக்கால். பன்னிரண்டுக்கு ராகு காலம். அதற்குள் முதல் படம் எடுத்துவிட வேண்டும் என்று எனக்குக் கை பறக்கிறது. கல்யாண வேலைப் பழக்கம், விடுமா?

அன்வர் சிரித்தான். "எங்களுக்கு ஏதுக்கா ராகு காலம்? மெதுவா மாட்டுங்க."

கேட்டேனா? பிலிமை மாட்டி, மூடி, 11.58க்கு முதல் க்ளிக்.

ஷாகிதா முதலில் விறைத்துப்போய் நின்றாள். போகப் போகச் சரியானாள். பெல்ட் சக்கரத்தின் மேல் உட்கார வைத்தேன். அவன் காதில் ஏதோ சொன்னான். தலையைச் சாய்த்து அப்படி ஒரு சிரிப்பு. இதற்காகத்தானே இந்தப் பாடு எல்லாம்.

நடுவில் ஒரு தடவை போனை எடுத்தேன். வெளிச்சம் பார்க்க. ஒரே ஒரு க்ளிக். அவர்கள் கவனிக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

மேகமூட்டம். புழுக்கம்.

மில்லின் எடை ரூமில் ஜன்னலை அடைத்து பிலிம் கழுவினேன். ஒன்றுமில்லை. முப்பத்தாறும் கண்ணாடி மாதிரி வெறுமை. பிலிமின் நுனி உள்ளே மாட்டவே இல்லை. ஓடாத பிலிமை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் க்ளிக் செய்திருக்கிறேன். திருப்பிச் சுற்றும்போது கைக்கு லேசாக இருந்தது. அப்போதே உறைத்திருக்க வேண்டும். இரண்டு நிமிடம் பொறுத்து மாட்டியிருந்தால்.

அழுதேன். முகம் கழுவினேன்.

போனில் அந்தச் சிரிப்பு இருக்கிறது. அப்படியே.

என்ன செய்யலாம்:
– கெமிக்கல் கெட்டுவிட்டது என்று சொல்லலாம்.
– போன் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி பிரிண்ட் போட்டுக் கொடுக்கலாம். நெகட்டிவ் வீணாகிவிட்டது என்றால் நம்பிவிடுவாள்.

இரண்டாவதைக் கால் மணி நேரம் யோசித்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மூன்று மணி. கோட்டக்குப்பம் போய் வந்தேன். வாசலில் வைத்தே இரண்டையும் சொன்னேன், பிலிம் ஓடாததையும், போனில் எடுத்ததையும். ஷாகிதா கையை நீட்டினாள். போனைக் கொடுத்தேன். வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்தாள்.

அன்வர்: "ஒன்னாவது இருக்கட்டுமே ஷாகிதா. நல்லாத்தான கீது."

"வாணாம். கேக்காம எடுத்தது."

அழித்தாள். அழித்த படங்கள் கிடக்கும் இடத்துக்கும் போய், அங்கேயும் அழித்தாள். என் போனில் அது எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது. போனைத் திருப்பித் தரும்போதும் என்னைப் பார்க்கவில்லை. செத்துப் போகலாம் போல இருந்தது.

படி இறங்கிவிட்டேன். பின்னாலிருந்து ஷாகிதாவின் குரல்: "நாளைக்கு எத்தினி மணிக்கு வரணும்?"

ஜூன் 13, வெள்ளி

நல்ல வெயில். பெட்டி படுக்கையோடு காரில் வந்துவிட்டார்கள், இங்கிருந்து நேராக ஏர்போர்ட்.

போன் ஸ்விட்ச் ஆஃப். பாலு அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். "ஒன்னு பண்ணணும்னா வுட மாட்டியேம்மா நீ" என்று வாங்கி மடியில் கட்டிக்கொண்டார்.

பிலிம் மாட்டப் பத்து நிமிடம். நுனி மாட்டியதை மூன்று தடவை பார்த்தேன். 11.30க்கு முதல் க்ளிக். ராகு காலம்தான். இருக்கட்டும்.

அந்தச் சிரிப்பு மறுபடி வரவில்லை. நானும் கேட்கவில்லை. போகிற நாள், அவள் முகம் வேறு. முப்பத்தாறும் எடுத்தேன்.

அன்வர் திண்டிவனம் பள்ளிவாசலுக்குத் தொழப் போனான். ஷாகிதா மட்டும் என்னோடு எடை ரூமில். சிவப்பு பல்பு. பிலிம் கழுவி, காய வைத்து, ஒரே ஒரு பிரிண்ட். கெமிக்கல் தட்டில் தாளைப் போட்டதும் அவள் குனிந்தாள். முதலில் தெரிந்தது அவன் சட்டைக் காலர். பிறகு அவள் கை. பிறகு இரண்டு முகமும்.

"க்கா... நானாக்கா இது?"

என் தோளைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை.

நாலு மணிக்குக் கார் கிளம்பியது. நெகட்டிவ் அவள் பையில், பிரிண்ட் அவன் பாக்கெட்டில். கேட் தாண்டுவதற்குள் அவன் அதை இரண்டு தடவை வெளியே எடுத்துப் பார்த்தான்.

நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். எப்படி இருந்தது என்று இங்கேகூட எழுதப் போவதில்லை.