ஹேகரின் பிற்பகல்

அன்பு மகன் நெகேமியாவுக்கு,

நீ ஹேகரிடமிருந்து தினம் நாலு மணி நேரத்தைத் திருடியிருக்கிறாய். என் தாத்தாவைப் பெற்றவள் அவள். நானும் அப்பாவும் சுகம்தான், அவர் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, சிகாகோவில் பனி கொட்டுவதாகச் செய்தியில் சொன்னார்கள், நீ நன்றாயிருந்தால் போதும்.

நம் முன்னோர் செய்த அடிமை வேலைக்கு எவ்வளவு நஷ்டஈடு என்று உங்கள் குழு போட்ட கணக்கைப் போன மாதம் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சர்ச்சில் வாசித்தார்கள். உன் பெயர் வந்ததும் கை தட்டினேன். அடுத்த பக்கத்தில், இந்தத் தீவில் பகல் இரண்டு மணிக்கே வயல்வேலை முடிந்துவிடும், இருட்டும்வரை மீதி நாலு மணி நேரம் ஓய்வு, அதற்குக் கூலி இல்லை என்று இருந்தது. ஒஃபீலியா அத்தை சும்மா இருப்பாளா? "ஏண்டி வெர்னெல், உன் மவன் படிச்சுப் படிச்சு நம்ம கெழவிங்கள மத்தியானத் தூக்கம் போட வச்சுட்டானே"ன்னு எல்லார் முன்னாலும் கேட்டாள். சிரித்தார்கள்.

கால் ஏக்கருக்கு இங்கே இன்றும் ஒரு கூறு என்றுதான் பெயர். என் அப்பா குச்சியால் அளந்து அரைக் கூறு வெண்டை, அரைக் கூறு பயறு என்று பிரிப்பார், பின்னாலேயே நானும் தம்பியும் ஓடுவோம். அந்தக் காலத்தில் ஆளுக்கு ஒரு கூறு பருத்தி கொத்த வேண்டும், கொத்தி முடித்தால் போகலாம். ஹேகர் எங்கே போவாள்? துரை கொடுத்தது வாரத்துக்கு ஒரு சிறு கூடை சோளம், அதில் ஐந்து பிள்ளைகள். கிழங்கு நடணும், ஓடையில் நண்டு பிடிக்கணும். தன் அடிமைகளுக்கு அவன் போட வேண்டிய சோற்றை அவளே தேடினாள், அதுவும் அவனுக்குச் செய்த வேலைதானே?

உன்னைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. நீ சின்னப் பையனாய் இருந்தபோது நூலில் கோழிக்கழுத்தைக் கட்டி ஓடையில் நண்டு பிடித்தோமே, சேற்றில் உன் செருப்பு போனது, வீட்டில் தக்காளி போட்ட சிவப்புச் சோறு, நீ தட்டை நக்கினாய். எனக்கு அதைவிட நல்ல சாயங்காலம் கிடையாது. உனக்கு அது விளையாட்டு. அந்த வாரம் அப்பாவுக்கு வேலை போயிருந்தது, அந்த நண்டை விட்டால் சாப்பாடு இல்லை, அதை உன்னிடம் நான் சொல்லவே இல்லை. அதனால்தான் ஓய்வு என்று எழுதிவிட்டாயோ என்னவோ.

அந்தப் பருத்தி நிலம் இப்போது கோல்ஃப் மைதானம். ஹேகரின் கல்லறைக்குப் போக வாசல் காவல்காரனிடம் சீட்டு வாங்குகிறேன். நஷ்டஈடு தர வேண்டியவர்களுக்கு நீயே தள்ளுபடி கொடுக்காதே.

கர்த்தர் உன்னைக் காப்பார். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ, இரத்த அழுத்த மாத்திரையை விடாதே. அறிக்கை பதினைந்தாம் தேதி போகிறதாம், அதற்குள் அந்த நாலு மணி நேரத்தைச் சேர். முடியாதென்றால், ஹேகர் எந்த நேரத்தில் கால் நீட்டி உட்கார்ந்தாள் என்று எழுது. இது மூன்றாவது கடிதம், மாத்திரைக்கு மட்டும் பதில் போடுகிறாய்.

உன் அம்மா,
வெர்னெல்