இரண்டாம் பாகத்தில் திரும்பி வந்தவன்

கடலோடு போன பிறகும் என்னோடு வாதத்தை முடிக்காத என் மச்சான் அருளம்பலத்துக்கு,

உம்முடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு என்று நினைவுப் புத்தகம் அச்சடிக்கிறார்கள். வாத்தியார் ஒருவர் பாட்டெல்லாம் கட்டிக் கொடுத்துவிட்டார். அதிலே நீர் வாரி வழங்கிய வள்ளல் என்று வருகிறது. சுருட்டு ஒன்று கேட்டால் பாதியாக முறித்துத் தருகிற ஆள் நீர். சரி, இருக்கட்டும். கடைசிப் பக்கங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன, மச்சான் முறைக்கு நீங்களும் ஏதாவது சொல்லுங்கோ என்று கேட்டார்கள். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல உம்முடைய மகள் தவமலர் எழுதுகிறாள்.

நான் உம்முடைய குணநலங்களைச் சொல்லப் போவதில்லை. படத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அந்தச் சீனச் சண்டைப் படத்தின் இரண்டாம் பாகம் யாழ்ப்பாணத்துக்கு வந்தது, மச்சான். நீர் காணவில்லை. நான் கண்டேன்.

நெடுந்தீவார் படம் பார்க்கிற விதம் வெளியூராருக்குத் தெரியாது. நாங்கள் எந்தப் படத்துக்கும் முடிவு பார்த்ததில்லை. முடியுமட்டும் இருந்தால் குறிகட்டுவானுக்குப் போகிற பஸ் போய்விடும். பஸ் போனால் தீவுக்கு வருகிற லோஞ்சும் போய்விடும். கடைசிச் சண்டை தொடங்குகிற நேரம் நீரும் நானும் குனிந்தபடி வெளியே வருவோம், பின்வரிசையில் இருக்கிறவன் ஏசுவான். மிச்சக் கதையை லோஞ்சிலே நீர் சொல்வீர். காலிப் பட்டினத்தில் கடையில் நின்ற காலத்தில் பொறுக்கிய கொஞ்ச இங்கிலீசை வைத்துக்கொண்டு நீர் சொன்ன முடிவுகள்தான் எனக்குத் தெரிந்த முடிவுகள். உண்மையான முடிவுகளைவிட அவை நல்லவை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

முதற்பாகம் நினைவிருக்கிறதா? துறைமுகத்தில் மூட்டை சுமக்கிற ஒருவன். அபின் கடத்துகிற கூட்டம் அவன் தம்பியைக் கொன்றுவிடுகிறது. வெறுங்கையோடு ஒவ்வொருவராகத் தேடிப் போகிறான். கடைசியில் வெள்ளைக் கையுறை போட்ட தலைவன் அவனை விலாவில் குத்த, துறைமுக மேடையிலிருந்து கடலுக்குள் விழுகிறான். தண்ணீர் மூடுகிறது. அந்த இடத்தில்தான் நாங்கள் எழும்பினோம்.

லோஞ்சில் ஏறியதும் நான்தான் தொடங்கினேன்.

"ஆள் முடிஞ்சான்."

"ஆர் சொன்னது? குத்து விலாவிலை. விலாவிலை குத்துப்பட்டவன் லேசிலை சாகான்."

"நீர் பெரிய டொக்டர். அவ்வளவு உயரத்திலை இருந்து விழுந்தவன் எங்கை போவான்?"

"கரைக்குப் போவான். பேந்து வருவான். இருந்து பாரும், இரண்டாம் பாகம் எண்டு ஒண்டு எடுப்பாங்கள். அதிலை அவன் வந்து பெண்சாதியின்ரை கதவைத் தட்டுவான்."

"உந்த இரண்டு கிழடும் சீனனுக்காக அடிபட்டு லோஞ்சைக் கவிழ்க்கப் போகுதுகள்," என்றான் சுக்கான் பிடித்தவன்.

வீட்டுக்கு வந்தும் நீர் விடவில்லை. என் தங்கச்சி பவளம் சோறு போட்டுக்கொண்டு நின்றாள். "கடலிலை விழுந்தவன் வருவான் பவளம். உன்ரை அண்ணைக்குப் படம் பாக்கத் தெரியாது," என்று அவளிடம் சொன்னீர். அவள் சிரித்தாள். அந்தச் சொல்லை அவள் எடுத்து வைத்துக்கொண்டாள் என்று அப்போது ஆருக்குத் தெரியும்?

பிறகு சோழகக் காற்றுத் தொடங்கியது. ஊர்காவற்றுறையில் விற்கவென்று நீர் ஆடுகளை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போனீர். வள்ளம் கவிழ்ந்தது. கூடப் போன இருவரும் நீந்திக் கரை சேர்ந்தார்கள். ஆடுகள் ஒவ்வொன்றாகப் புங்குடுதீவுக் கரையில் ஒதுங்கின. ஒரு மறியாடு உயிரோடுகூட நின்றதாம், குளிரில் நடுங்கிக்கொண்டு. நீர் மட்டும் ஒதுங்கவில்லை.

உடல் இல்லாவிட்டால் தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து கொள்ளி வைக்கலாம் என்று ஐயர் சொன்னார். பவளம் கேட்கவில்லை. பொட்டையும் அழிக்கவில்லை. காலமானார் என்று ஆரும் சொன்னால் எழும்பிப் போய்விடுவாள். கரைக்கு எந்த வள்ளம் வந்தாலும் போய் நின்று, இறங்குகிறவர்களை முகம் முகமாகப் பார்ப்பாள். அவர்கள் பயந்து தலையைக் குனிந்துகொண்டு நடப்பார்கள்.

இதற்குள்ளே தவமலருக்குக் கரம்பொனில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல இடம். தகப்பன் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத வீட்டில் எப்படித் தாலி கட்டுவது என்று அவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். தை மாதம் வரை பொறுப்போம், அதற்குமேல் ஏலாது என்றார்கள். பவளமும் கரைந்து கரைந்து ஒருவழியாகக் கிரியைக்கு நாள் வைக்கச் சம்மதித்தாள்.

அப்போதுதான் யாழ்ப்பாணம் போய் வந்த பெடியன் ஒருவன் அவள் காதில் போட்டான்: துறைமுகப் படத்தின் இரண்டாம் பாகம் ஓடுது மாமி, கடலுக்குள்ளை செத்தவன் திரும்பி வந்திட்டான். அவ்வளவுதான். வைத்த நாளை அவள் நிறுத்திப்போட்டாள்.

"அண்ணை, அவர் சொன்னது பலிச்சுப் போச்சு," என்றாள். கண் இரண்டும் பளபளத்தன. "நீங்கள் ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாங்கோ. இடையிலை எழும்பி வரக்கூடாது. முடிவு வரைக்கும் பாக்கவேணும். பாத்ததை அப்பிடியே எனக்குச் சொல்லவேணும்."

உம்முடைய தம்பி என்னைத் தனியே கூப்பிட்டார். "அண்ணை, என்ன நடந்தாலும் கடைசியிலை ஆள் செத்திட்டான் எண்டு சொல்லுங்கோ. ஒரு பிள்ளையின்ரை வாழ்க்கை இது."

தலையை ஆட்டிவிட்டு லோஞ்சில் ஏறினேன்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். ஐஸ் கட்டி செய்கிற இடத்தில் ஒரு சண்டை வருகிறது, மச்சான். பாட்டுமில்லை, மேளமுமில்லை. மூச்சுப் புகையாக வருகிறது, கால் வழுக்குகிறது, அவ்வளவுதான். அடிக்கிறவனுக்கும் வலிக்கிறது. அடித்து முடித்தபின் தன்னுடைய கையை ஐஸுக்குள் புதைத்துக்கொண்டு முகத்தைச் சுளிக்கிறான். எங்கள் படங்களில் ஊரையே அடித்துப் போட்டவன் உடனே டூயட் பாடப் போவான், இவனுக்குத் தேத்தண்ணிக் கோப்பை பிடிக்க விரல் மடங்கவில்லை. இன்னொன்று, அந்தக் கையுறைக்காரன். பக்கத்தில் ஒருவனைக் குத்திக் கொல்கிறார்கள், அவன் மீன் முள்ளைக் கவனமாக எடுத்து ஓரமாக வைத்துச் சாப்பிடுகிறான். கத்துகிற வில்லனைவிட இப்படிச் சாப்பிடுகிறவனுக்குத்தான் பயப்பட வேணும்.

இனிக் குறை. முதற்பாகத்தில் அந்தத் தம்பி ஒருவன் செத்தபோது கொட்டகை முழுக்க மூச்சுக் காட்டாமல் இருந்ததே. இதில் ஆட்கள் ஈசல்மாதிரி விழுகிறார்கள். இரத்தம் என்று சர்பத்தைத்தான் ஊற்றினார்களோ தெரியாது, சுவரெல்லாம் ஓடுகிறது. சனம் விசிலடிக்கிறது. கொஞ்ச நேரத்தில் நானும் ஆர் விழுகிறான் என்று பார்ப்பதை விட்டுவிட்டேன். சாவை மலிவாக்கிப் போட்டார்கள். பொலிசுக்காரர் எல்லாம் முடிந்தபிறகு வந்து தொப்பியைச் சரிசெய்கிறார்கள். பெண்சாதிக்காரிக்கு அழுவதைத் தவிர வேறு வேலை கொடுக்கவில்லை.

பெரிய குறை வேறு. அதைத்தான் உமக்குச் சொல்ல வேணும்.

நீர் சொன்னது சரி. அவன் வருகிறான். கடற்கரையில் ஈரத்தோடு கவிழ்ந்து கிடக்கிறான், அதே கிழிந்த சட்டை, விலாவிலே அதே குத்து. மெல்ல எழும்பித் திரும்புகிறான்.

முகம் வேறு.

பழைய நடிகன் நடிக்கவில்லைப் போலிருக்கிறது. இன்னொருத்தனைப் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். எனக்கு விளங்குகிறது, படம் எடுக்கிறவனுக்கு ஆயிரம் கரைச்சல் இருக்கும். ஆனால் படத்துக்குள்ளே ஒருத்தருக்கும் அது தெரியவில்லையே! பழைய கூட்டாளி ஓடிவந்து கட்டிப் பிடிக்கிறான். கிழவி ஒருத்தி கன்னத்தைத் தடவுகிறாள். கொட்டகையிலே இருந்த சனமும் கைதட்டுகிறது. நான் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன்.

"தம்பி, இது அவன் இல்லையே?"

"அவன்தான் அப்பு. பேசாமல் படத்தைப் பாருங்கோ."

நான் பேசாமல் பார்த்தேன். எழும்பவில்லை. பஸ் போகிற நேரம் போயிற்று. முதல்முதலாக ஒரு படத்தின் முடிவைக் கண்டேன். எல்லாரையும் கொன்றுவிட்டு அவன் தன் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுகிறான். பெண்சாதி திறக்கிறாள். ஆர் எவரென்று கேட்கவில்லை. அந்தப் பிறத்தியான் அவளுடைய தோளில் கையை வைக்கிறான், அவள் சிரிக்கிறாள். கதவு மூடிக்கொள்கிறது. அதோடு படம் முடிகிறது. வெட்டும் குத்தும் வந்தபோது நடுங்காத எனக்கு அப்போது மயிர் கூச்செறிந்தது. உள்ளே போனது ஆர், மச்சான்? அவளுடைய புருஷன் இன்னும் தண்ணீருக்குள்தானே கிடக்கிறான்?

அன்று மண்டைதீவில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, மறுநாள் வந்தேன். பவளம் துறையிலேயே நின்றாள்.

"அவன் திரும்பி வந்தவனோ அண்ணை?"

உம்முடைய தம்பியும் அவளுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். செத்திட்டான் என்று சொல்ல வாயெடுத்தேன், ஏலவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னேன். சட்டையைச் சொன்னேன், குத்தைச் சொன்னேன், முகத்தையும் சொன்னேன். அவளுடைய முகத்தில் இருந்த பளபளப்பு மெல்ல மெல்ல இறங்கியது.

"பெண்சாதிக்குத் தெரியேல்லையோ?"

"தெரியேல்லை."

"ஆரெண்டுகூடக் கேட்கேல்லையோ?"

"இல்லைப் பிள்ளை. சிரிச்சுக்கொண்டு திறந்தவள்."

"விசரி, பைத்தியக்காரி," என்றாள் பவளம். கொஞ்சத் தூரம் நடந்துவிட்டு நின்றாள். "எனக்கெண்டால் முதுகைக் கண்டாலே தெரியும் அண்ணை."

"ஓம், உனக்குத் தெரியும்."

மறுநாள் விடிந்ததும் என்னிடம் வந்தாள். "ஐயரிட்டைச் சொல்லிவிடுங்கோ. கிரியைக்கு நாள் வைக்கட்டும்." என்ன இப்படி என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "படத்திலை வந்தவளும் என்னை மாதிரித்தான் அண்ணை பாத்துக்கொண்டு இருந்திருப்பாள். இன்னும் கொஞ்ச நாள் இப்பிடியே இருந்தால், ஆர் வந்து தட்டினாலும் நானும் திறந்திடுவன் போலை கிடக்கு."

கொள்ளி வைத்தோம், மச்சான். தர்ப்பையில் கையும் காலும் முடிந்து, தலைக்குத் தேங்காய் வைத்தார் ஐயர். உம்முடைய தம்பியின் மகன் கொள்ளி வைத்தான். பச்சைப் புல் என்றபடியால் கனநேரம் புகைந்துகொண்டே கிடந்தது. காற்று அவ்வளவு வீசியும் புகை கலையவில்லை. பவளம் அங்கேயே தாலியைக் கழற்றினாள். அழவில்லை.

இவ்வளவோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் போன கிழமை ஒன்று நடந்தது. அதையும் எழுதச் சொல்லிப் பவளமே சொன்னாள்.

நல்ல மத்தியானம். வெயிலில் கல்மதில் எல்லாம் வெள்ளையாகக் கண்ணைக் குத்துகிற நேரம். பவளம் குசினியில் அடுப்படியில் நின்றிருக்கிறாள். வாசல் படலை திறக்கிற சத்தம். அந்தப் படலையின் கயிறு உட்பக்கமாக, கீழே கட்டியிருக்கும், வெளியாள் என்றால் தடவித் தேடித்தான் பிடிப்பான். வந்தவர் தேடவில்லையாம். முற்றத்தில் வந்து நின்றிருக்கிறார். நடுத்தர வயது, முன்பின் கண்டிராத முகம். நாய் குரைக்கவில்லை.

"என்னைத் தெரியேல்லையோ?" என்று கேட்டாராம்.

பவளம் வடிவாக உற்றுப் பார்த்திருக்கிறாள். "தெரியேல்லை. தண்ணி வேணுமெண்டால் தாறன்."

செம்பில் கொடுத்தாள். அண்ணாந்து குடித்தார். செம்பை நிலத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் குசினி வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாராம். பிறகு, எல்லாரும் சொல்கிறதைப் போல, "அப்ப போட்டு வாறன்," என்றார்.

வீட்டுக்கு வந்த எந்த மனிசரையும் போட்டு வாங்கோ, போய்த் திரும்பி வாங்கோ என்றுதானே நாங்கள் அனுப்புவோம்? பவளம் அவரை நேரே பார்த்து, "போங்கோ," என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அவர் தலையை அசைத்துவிட்டுப் போயிருக்கிறார். துறைப் பக்கம் அல்ல, பாதையில்லாத மேற்குக் கரைப் பக்கம்.

நான் ஊரெல்லாம் விசாரித்தேன். ஆடு மாடு வாங்க வந்த ஆராவது வியாபாரியாக இருக்கலாம் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அன்றைக்குச் சோழகம் கடுமை, லோஞ்சு ஓடவில்லை. அதற்கு முன்னைய நாட்களிலும் ஓடவில்லை. இந்த இடத்தில் தவமலர் பேனையை வைத்துவிட்டு எழும்பிப் போய் வெளியே பார்த்துவிட்டு வருகிறாள்.

அது நீரா, மச்சான்? நீராக இருந்தால், தண்ணீர் தந்தவளைக் கோபிக்காதையும். நீர் இல்லையென்றால், உம்முடைய வீட்டுக்கு வழி காட்டி விட்டது ஆர்? பவளம் இரண்டையும் கேட்கவில்லை. செம்பை மண்போட்டு மினுக்கி எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு உலையை ஏற்றினாள். அன்றைக்கு நல்லாய்ச் சாப்பிட்டாள், எத்தனையோ மாதத்துக்குப் பிறகு.

தையிலே கலியாணம். நீர் நிற்க வேண்டிய இடத்தில் நான் நிற்பேன், உம்முடைய மகளின் கையைப் பிடித்து நானே கொடுப்பேன். இது சத்தியம். நீர் அதற்காக வெளிக்கிட்டு வரவேண்டாம். எந்த முகத்தோடும் வரவேண்டாம். அங்கேயே இரும். எனக்கும் வயது போய்விட்டது, கனநாள் இல்லை. நான் வாறன்.

இப்படிக்கு,
பவளத்தின் தமையனும் தவமலரின் தாய்மாமனும்
உம்முடைய மச்சானுமான
முருகேசு