நாற்காலி மேல் இருந்த பை

18 ஜனவரி, ஞாயிறு

இன்று பள்ளி மைதானத்தில் பழைய மாணவர் கூட்டம். பன்னிரண்டாவது முடித்தவர்களுக்கு மட்டும்தான் சங்கத்தில் இடம் என்ற விதியை இந்த வருடம் எடுத்துவிட்டார்கள். டெல்லியில் நம் தமிழர்களின் குடிசைகள் இருந்த மதராசி கேம்ப்பை இடித்தபின் பள்ளியில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். ஒரு வருடம் படித்தவர்கூட வரட்டும், பள்ளிக்கு ஆள் வேண்டும் என்று முடிவாயிற்று.

எட்டாவதோடு நின்றுபோன செல்வியும் வந்திருந்தாள். கேம்ப்பில் இருந்தவள், இப்போது டெல்லியின் மறுகோடியில், நரேலாவில். அந்த நாளில் குளிர்காலம் வந்தால் வகுப்பே மைதானத்தில்தான் நடக்கும். அவள் முதல் ஆளாக வந்து, வெயில் விழும் இடத்தில் எனக்காகப் பையைப் போட்டு வைப்பாள்.

இன்றும் பக்கத்து நாற்காலியில் அவளுடைய பை இருந்தது.

"கீதா, ஜல்தி வாடி. வெயில் போயிடும்."

"எத்தனை மணிக்குடி கெளம்பின?"

"அஞ்சு மணிக்கு. மூணு பஸ் மாறணும்ல."

உட்கார்ந்தேன். முதுகில் அதே வெயில். கணக்கு டீச்சர் வெயிலில் தூங்கிப்போனதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

போன கூட்டத்தில் விதியை மாற்றக் கூடாது என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. அதைச் சொல்லிவிடலாம் என்று அவள் பக்கம் திரும்பினேன். அதற்குள் என் மேல் நிழல் விழுந்திருந்தது. செல்வி எழுந்து, என் நாற்காலியை வெயிலுக்கு இழுத்துப் போட்டாள்.