புரிந்தது என்று சொல்ல மாட்டேன்

மார்ச் 3, செவ்வாய்

எழுத்துக்கும் எனக்கும் ஆகாது. நான் பேசுகிறேன், இந்தக் கைபேசி எழுதிக்கொள்கிறது. மேடையில் பேசுவதுபோலப் பேசினால்தான் பிழையில்லாமல் எழுதும் என்று மருமகள் சொல்லியிருக்கிறாள். சரி, இந்த வயதில் மேடை ஏறினேன் என்று இருக்கட்டும்.

இன்று ஒன்பதாம் பக்கம் படித்துக் காட்டினாள். அவள் அலுவலகத்தில் மென்பொருளைச் சோதித்துப் பார்க்க ஒரு கருவி இருக்கிறது. அதை இனி மனிதர்கள் ஓட்டப்போவதில்லை. ஏஐ ஏஜென்ட் என்று ஒன்று, கையேட்டைப் படித்துத் தானே ஓட்டுமாம். அந்தக் கையேட்டைத்தான் எழுதுகிறாள். வேலை தெரியாத ஒருவர் ஒவ்வொரு பக்கத்தையும் கேட்டு, புரிந்தது என்று சொன்னால்தான் அது வெளியே போகும் என்பது அங்கே விதி. அந்த ஒருவர் நான். கையேடு முடிந்தால் அவள் வேலை நிரந்தரம்.

"அப்பாவுக்கே புரிஞ்சா மெஷினுக்குப் புரியாதா?" என்கிறான் மகன். சிரிக்கட்டும். கைநாட்டுக்காரன்தான், ஆனால் புரியாத தாளில் இதுவரை விரலை வைத்ததில்லை.

இன்றைய பக்கத்தில் ஒரு நல்ல வரி: "சோதனை ஒன்றுகூட ஓடாவிட்டாலும் கருவி பச்சை காட்டும். அதைத் தேர்ச்சி என்று எண்ணாதே."

மார்ச் 4, புதன்

பத்தாம் பக்கத்துக்குத் திரும்பத் திரும்ப "புரியல" என்றேன். "மாமா, நீங்க மெஷினா இருந்தா இந்நேரம் பிளக்கைப் பிடுங்கியிருப்பேன்" என்றாள். பிறகு அவளே மாற்றி எழுதினாள்.

மார்ச் 6, வெள்ளி

ஒன்பதாம் பக்கத்தையே மறுபடி படித்தாள். கொஞ்சம் திருத்தமாம். பச்சை வந்தால் தேர்ச்சி, சிவப்பு வந்தால் தோல்வி. அவ்வளவுதான்.

"செவ்வாய்க்கிழமை ஒரு வரி இருந்துச்சேம்மா?"

"எடுக்கச் சொல்லிட்டாங்க மாமா."

யார் என்று கேட்கத் தேவையில்லை. அவளுடைய மேலாளர். எதைக் காட்டினாலும் "சுருக்கமா" என்பவர். எங்கள் வீட்டில் அவர் பெயரே சுருக்கம். கையேட்டை வாடிக்கையாளரும் பார்ப்பாராம். உங்கள் கருவியில் ஓட்டையா என்று கேட்டுவிடுவாராம்.

அந்த வாடிக்கையாளர் செய்வது என்ன? எந்த நோயாளிக்கு எவ்வளவு மருந்து என்று கணக்குப் போடும் மென்பொருள்!

ஆயுசு முழுக்கக் குழாய் வேலை பார்த்தவன் நான். தண்ணீரே திறந்துவிடாமல், எங்கும் ஒழுகவில்லை என்று வீட்டுச் சாவியைக் கொடுப்பதா? ஒரு மேஸ்திரி என்னை அப்படிச் செய்யச் சொன்னான். ஸ்பேனரை அவன் காலடியில் வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 9, திங்கள்

இன்று சுருக்கமே வீடியோவில் வந்து என்னிடம் கேட்பதாக ஏற்பாடு.

"ஒரு வார்த்தைப்பா. சொன்னா பல்லா விழுந்துடும்?" என்றான் மகன்.

"விழறதுக்கு மிச்சம் எதுடா இருக்கு?"

மருமகள் என் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

"ஐயா, ஒன்பதாம் பக்கம் கேட்டீங்களா? புரிஞ்சுதா?"

"கேட்டேன். செவ்வாய்க்கிழமை படிச்சது புரிஞ்சுது. வெள்ளிக்கிழமை படிச்சது புரியல." காணாமல்போன வரியை அப்படியே ஒப்பித்தேன்.

சுருக்கம் அவளைப் பார்த்துச் சிரித்தார். "பெரியவருக்கு வயசாயிடுச்சு போல."

"வயசு காலுக்குத்தான் ஆயிருக்கு தம்பி."

திரை அணைந்தது.

மார்ச் 10, செவ்வாய்

டீ வந்தது. படித்துக் காட்டப் பக்கம் எதுவும் வரவில்லை.

மார்ச் 12, வியாழன்

நான் செஞ்சது சரியா? சரிதான். ஆனா போகப்போறது யாரு வேலை? என் வேலையா? வீராப்பு என்னுது, வயிறு அவங்களோடது. எரியுற அடுப்புல நானே தண்ணியை ஊத்துறேனா—

மாலையில் அவளிடம் போனேன். "வேற ஆளைப் போட்டுக்கோம்மா. நான் விலகிக்கிறேன். ஆனா என் வாயால புரிஞ்சுதுன்னு சொல்ல மாட்டேன்."

நான் படித்துவிடுவேன் என்பதுபோல மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். வெட்டிய பக்கத்தை ஏஜென்டுக்குக் கொடுத்து, சோதனையே இல்லாத காலி ஃபோல்டரைக் காட்டியிருக்கிறாள். பச்சை. கீழே ஓர் அறிக்கை வேறு.

"'எல்லாச் சோதனையும் வெற்றி, வெளியிடலாம்'னு எழுதியிருக்கு மாமா. அதும்மேல என்ன தப்பு? நான் எழுதினதைத்தானே நம்புச்சு?"

எடுத்த வரியைத் திரும்ப வைத்தாள். பக்கத்தின் முதல் வரியாகவே வைத்தாள். தன் பெயரிலேயே அலுவலகத்துக்கு அனுப்பினாள்.

"யோசிச்சுத்தான் செய்றியா?"

"உங்ககூட இருந்து கெட்டுப்போயிட்டேன் மாமா."

மார்ச் 20, வெள்ளி

வேலை போய்விட்டது. வரியையும் மறுபடி எடுத்துவிட்டார்களாம். மகன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். அவள் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டாள்.

ஏப்ரல் 2, வியாழன்

காலையில் கைபேசியில் ஒரு புதுக் குரல். மருமகள் இருந்த இடத்துக்கு வந்திருக்கும் பெண்ணாம். கேட்பவர் என்ற இடத்தில் இன்னும் என் பெயர்தான் இருக்கிறதாம். நான் சொல்லாமல் ஒன்பதாம் பக்கம் நகராதாம்.

"படிம்மா" என்றேன்.

படித்தாள். முதல் வரியே அந்த வரி.

"இதை எடுத்துட்டாங்கன்னு மருமக சொன்னாளே?"

"காலி ஃபோல்டர் குடுத்து நானும் பாத்தேன் தாத்தா. அதான் திரும்ப வெச்சுட்டேன்."

"உங்க மேலாளர் விட்டாரா?"

"அவர் இன்னிக்கு லீவு. அதான் இன்னிக்கே கேக்குறேன். சீக்கிரம் சொல்லுங்க, இப்பவே வெளியே அனுப்பிடுறேன்."

எதிரே மருமகள் எங்கோ ஒரு வேலைக்கு விண்ணப்பம் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டும் சத்தம் நின்றது.

"கேட்டேன்மா" என்றேன். "புரிஞ்சுது."

தட்டும் சத்தம் மறுபடி தொடங்கியது, முன்னைவிட வேகமாக.